முதல் க்ரூஸ்... ரெண்டு கப்பலும் ஒண்ணு மாதிரியே இருக்கே, எதை புக் பண்றது?

மொபைல்ல ரெண்டு பக்கம் திறந்து வெச்சிருக்கீங்க. ஒண்ணுல 'ஜென்டிங் ட்ரீம்'. இன்னொண்ணுல ராயல் கரீபியனோட 'ஆந்தம் ஆஃப் தி சீஸ்'. ரெண்டுமே சிங்கப்பூர்ல இருந்து மூணு, நாலு ராத்திரி பயணம் போயிருக்கிற கப்பல்கள். ரெண்டுலயும் நீச்சல் குளம், தியேட்டர், கேசினோ, பஃபே. போட்டோவை மாத்தி வெச்சாகூட வித்தியாசம் தெரியாது.

குழம்புறது உங்க தப்பு இல்லை. ரெண்டுமே ஜெர்மனியில பாப்பன்பர்க் என்ற ஊரில், மேயர் வெர்ஃப்ட் என்ற ஒரே தளத்தில் கட்டப்பட்டவை. ஆந்தம் 2015-ல், ஜென்டிங் ட்ரீம் 2016-ல். ஒண்ணு 348 மீட்டர் நீளம், இன்னொண்ணு 335 மீட்டர். உள்ளே நடக்கும்போது அந்த 13 மீட்டர் யாருக்குத் தெரியப்போகுது?

முதல்ல ஒரு சின்ன விஷயம். ஜென்டிங் ட்ரீமுக்கு சிங்கப்பூர்தான் வீடு மாதிரி. 2022 ஜூன்ல ரிசார்ட்ஸ் வேர்ல்டு க்ரூஸஸ் நிறுவனம் அதை அங்கிருந்து ஓட்ட ஆரம்பிச்சுது. ராயல் கரீபியன் அப்படி இல்லை, சீசனுக்கு ஏத்த மாதிரி கப்பலை மாத்தும். ஆந்தம், ஓவேஷன், ஸ்பெக்ட்ரம் எல்லாம் சிங்கப்பூர்ல நின்ன கப்பல்கள்தான். இவை ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. அதனால கம்பெனி பெயரை மட்டும் பார்த்துட்டு பணம் கட்டாதீங்க. உங்க தேதிக்கு எந்தக் கப்பல் வருதுன்னு பாருங்க. இங்கே ஆந்தமை வெச்சுப் பேசுவோம்.

விளம்பரத்துல முதல்ல கண்ணில் படுறது டன் கணக்கு. ஆந்தம் 1,68,666. ஜென்டிங் ட்ரீம் 1,50,695. இது கப்பலோட எடை இல்லை, உள்ளே இருக்கிற இடத்தோட அளவு. (சென்னையில இருந்து போன கார்டிலியா எம்ப்ரஸ் 48,563. அதுல போயிட்டு வந்த நண்பர் சொல்ற அனுபவத்தை இதுக்குப் பொருத்தாதீங்க.) இந்த டன்னை, அறைக்கு ரெண்டு பேர் வீதம் ஏத்துற பயணிகள் எண்ணிக்கையால வகுத்துப் பாருங்க. ஆந்தம்ல 4,180 பேர். ஜென்டிங் ட்ரீம்ல சுமார் 3,350 பேர். ஆந்தமுக்கு 40, ஜென்டிங் ட்ரீமுக்கு 45 வரும். அதாவது சின்னக் கப்பல்ல ஆளுக்கு இடம் கொஞ்சம் அதிகம். ஆனா சிங்கப்பூர் ஸ்கூல் லீவு விடும் ஜூன்லயும் டிசம்பர்லயும் மூணாவது, நாலாவது படுக்கையும் நிரம்பிடும். அப்போ இந்தக் கணக்கே செல்லாது. பஃபேயில தட்டோட நிக்கத் தயாரா இருங்க.

யாரோட போறீங்க?

உண்மையில முடிவு பண்ண வேண்டிய கேள்வி இதுதான். ஆந்தம்ல 'நார்த் ஸ்டார்'னு ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கு. கடல் மட்டத்துல இருந்து சுமார் 300 அடி உயரத்துக்குத் தூக்கிட்டுப் போகும். காத்துல மிதக்கிற ஸ்கைடைவிங் குழாய் இருக்கு, மோதி விளையாடுற பம்பர் கார் இருக்கு. காலேஜ் நண்பர்கள் கூட்டமா, பத்தாவது படிக்கிற தம்பியோடவா? யோசிக்கவே வேண்டாம்.

அம்மா, அப்பாவைக் கூட்டிட்டுப் போறீங்கன்னா கதை வேற. முட்டை கலந்திருக்குமோன்னு ஒவ்வொரு தட்டையும் சந்தேகப்படுற அம்மாவுக்கு, நார்த் ஸ்டாரால என்ன பிரயோஜனம்? ராயல் கரீபியன்லயும் இந்திய சைவச் சாப்பாடு கிடைக்கும். ஆனா ஜென்டிங் ட்ரீம் ஆசியப் பயணிகளை மனசுல வெச்சே கட்டின கப்பல். இந்திய சைவம், ஜெயின் சாப்பாடு, ஹலால் எல்லாத்துக்கும் அங்கே ஏற்பாடு இருக்கு. பெரியவங்களோட முதல் பயணம்னா என் ஓட்டு அதுக்குத்தான். உங்களுக்கும் போரடிக்காது, தண்ணீர்ச் சறுக்குகளும் ஸூக் கிளப்பும் இருக்கு.

பட்ஜெட்டுக்காக ஜன்னல் இல்லாத உள் அறை எடுக்கிறவங்களுக்கு மட்டும் ஆந்தம் பக்கம் ஒரு பாயின்ட். அங்கே உள் அறைகள்ல 80 இன்ச் திரையில வெளியே இருக்கிற கடலை நேரலையா காட்டுவாங்க. கேட்கச் சிரிப்பா இருக்கும். ஆனா கதவை மூடினா பகலா ராத்திரியான்னே தெரியாத அறையில அது பெரிய ஆறுதல். தலைசுத்தல் பயம் இருந்தா, எந்தக் கப்பலா இருந்தாலும் நடுப்பகுதியில, கீழ்த்தள அறையா கேளுங்க. ஆட்டம் அங்கேதான் குறைவு.

கப்பல் எங்கே நிக்குது?

இதைப் பலரும் கவனிக்கிறதே இல்லை. டிக்கெட்ல 'கோலாலம்பூர்'னு போட்டிருக்கும். கப்பல் நிக்கிறது போர்ட் கிளாங்ல. அங்கிருந்து இரட்டைக் கோபுரத்துக்கு ரோட்டுல ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். திரும்பி வரவும் அவ்வளவு. கப்பல் கிளம்பும் நேரத்துக்கு முன்னாடியே எல்லாரும் உள்ளே வந்தாகணும், தாமதமா வர்றவங்களுக்காகக் காத்திருக்காது. புக்கெட்டோட பத்தோங் கடற்கரையில கப்பல் கடல்லயே நிக்கும், சின்னப் படகுல மாறிக் கரைக்குப் போகணும். முட்டிவலி அப்பாவுக்கு இது லேசு இல்லை.

பினாங்குல அந்தத் தொல்லையே கிடையாது. ஸ்வெட்டன்ஹாம் பியர்ல இறங்கினா ஜார்ஜ் டவுன் எதிர்லயே இருக்கு. நடந்தே லிட்டில் இந்தியாவுக்குப் போய் தமிழ்லயே காபி ஆர்டர் பண்ணலாம். ரெண்டு கப்பல்ல ஒண்ணு பினாங்கு போகுது, இன்னொண்ணு போர்ட் கிளாங் மட்டும்தான் போகுதுன்னா, மேல சொன்ன எல்லாத்தையும் மறந்துட்டு பினாங்கு போறதை எடுங்க.

ஜென்டிங் ட்ரீம்ல ரெண்டு ராத்திரிப் பயணமும் வரும். விலை குறைவா இருக்கேன்னு உடனே தட்டிடாதீங்க. மதியம் ஏறி, மூணாவது நாள் காலையில இறங்கிடுவீங்க. கையில கிடைக்கிறது ஒண்ணரை நாள்தான். விமான டிக்கெட் போட்டு அவ்வளவு தூரம் போறதுக்கு அது கட்டுப்படியாகாது.

திரையில தெரியிற விலை முழு விலை இல்லை

பணம் கட்டும்போது கடைசிப் பக்கம் வரைக்கும் போங்க. துறைமுக வரி தனியா சேரும். ஊழியர்களுக்கான டிப்ஸ், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு சேரும். ராயல் கரீபியன்ல அது சுமார் 18 அமெரிக்க டாலர். ரெண்டு பேர், நாலு ராத்திரின்னா 144 டாலர், நம்ம காசுல 12,000 ரூபாய்க்கு மேல. ஜென்டிங் ட்ரீம்லயும் தினசரிக் கட்டணம் உண்டு. வைஃபை, மது, ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட், கரையில சுத்திக் காட்டுற டூர் எல்லாம் தனி. தனியா போறீங்கன்னா இன்னொரு இடி. அறை விலை ரெண்டு பேருக்குன்னு போட்டதால, கிட்டத்தட்ட இரட்டிப்பு கேட்பாங்க. ரெண்டு கப்பலுக்கும் இந்தக் கடைசித் தொகையை எழுதி வெச்சு ஒப்பிடுங்க. முதல் பக்கத்துல மலிவா தெரிஞ்சது இங்கே அப்படியே இருக்கும்னு சொல்ல முடியாது.

ஏறினதும் போனை ஃப்ளைட் மோடுல போடுங்க. நடுக்கடல்ல போன் தானா கப்பலோட சாட்டிலைட் நெட்வொர்க்கைப் பிடிச்சுக்கும். நாம வாங்கிட்டுப் போற சாதாரண ரோமிங் பேக் பெரும்பாலும் அதுக்குச் செல்லாது.

விசாவையும் பணம் கட்டுறதுக்கு முன்னாடியே பாருங்க. மலேசியாவோ தாய்லாந்தோ போயிட்டு சிங்கப்பூர்ல இறங்குறது, மறுபடி சிங்கப்பூருக்குள்ள நுழையிற கணக்கு. அதனால உங்க சிங்கப்பூர் விசா பல முறை நுழையுற விசாவா இருக்கணும். பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாசமாவது உயிர் இருக்கணும். சென்னை, திருச்சியில இருந்து கிளம்புறவங்க, கப்பல் ஏறுற அன்னிக்கே போய் இறங்கலாம்னு கணக்குப் போடாதீங்க. முந்தின நாளே போய் ஒரு ராத்திரி தங்கிடுங்க.