இருளில் எழும் கொடி

தூண்டிலை மீன் கவ்வியதைக் கண்ணால் பார்க்க முடியாதபோது, அந்தச் செய்தியை வேறு வழியில் கரைக்குக் கொண்டுவர வேண்டும். புனே அருகிலுள்ள போசரி போன்ற ஊரில் இதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. புனே வட்டாரத்தில் எந்தக் குளிர்காலத்திலும் நீர்நிலைகள் உறைவதில்லை. இரவில் ரோகு, கட்லாவுக்குத் தூண்டில் போடுபவர் கோலின் நுனியில் சிறு மணி ஒன்றைக் கவ்வவிட்டு, நைலான் நரம்பை விறைப்பாக இழுத்து வைத்தால் போதும். மீன் இழுத்ததும் நுனி வளையும், மணி அடிக்கும். ஆனால் இரையைக் கவ்விய மீன் கரையை நோக்கியே நீந்தி வந்தால் நரம்பு தளர்ந்துவிடும். மணி வாய் திறக்காது.

மணிக்கு அடுத்து மின்கருவிகள் வந்தன. 1952இல் 44 பவுண்டு எடையுள்ள கெண்டையைப் பிடித்துப் பெயர்பெற்ற ஆங்கிலேயர் ரிச்சர்ட் வாக்கர், இரவில் ஒலியெழுப்பும் மின் எச்சரிக்கைக் கருவியை முதலில் வடிவமைத்தவர்களில் ஒருவர். இன்றைய கருவிகள் பலவற்றில் நரம்பு ஒரு சிறு சக்கரத்தின் மேல் ஓடுகிறது. சக்கரத்தில் பதித்த காந்தம் சுற்றும்போது அருகிலுள்ள ரீட் சுவிட்சின் மெல்லிய தகடுகள் ஒட்டிப் பிரிகின்றன. ஒவ்வொரு முறையும் ஒரு ‘பீப்’. நரம்பு உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் சக்கரம் சுற்றும் என்பதால், தளர்ந்த நரம்பும் இப்போது பேசுகிறது.

உறைந்த ஏரியில் கதை வேறு. ஸ்கார்பரோ, மார்க்கம் எனத் தமிழர்கள் அடர்ந்து வாழும் டொராண்டோ வட்டார ஊர்களிலிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் சிம்கோ ஏரியை அடையலாம். குளிர்காலத்தில் அதன் மேல் பனிக்கட்டி இறுகியதும் மக்கள் அதில் துளையிட்டு மீன் பிடிக்கிறார்கள். நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும் என்பதால், மேலே பனிக்கட்டி மூடியிருந்தாலும் ஆழத்தில் நீர் ஏறக்குறைய 4 டிகிரியில் உறையாமல் நிற்கிறது. மீன்களும் அங்கே உயிரோடு உலவுகின்றன.

துளையின் குறுக்கே வைக்கும் கருவிக்கு டிப்-அப் என்று பெயர். நரம்பு சுற்றிய உருளை நீருக்குள் தொங்குகிறது. அதனால் நரம்பு உறைந்து ஒட்டிக்கொள்வதில்லை. உருளையிலிருந்து மேலே வரும் மெல்லிய தண்டு, உறையாத கிரீஸ் நிரப்பிய குழாய்க்குள் சுழல்கிறது. தண்டின் தலையில் ஒரு சிறு குறுக்குக் கம்பி. வில்லெஃகுப் பட்டையின் நுனியில் கட்டிய கொடியை வளைத்து அந்தக் கம்பிக்கு அடியில் மாட்டி வைப்பார்கள். மீன் இழுக்க, உருளை சுற்ற, கம்பி திரும்ப, பட்டை விடுபட்டு நிமிர்கிறது. மீனுக்குத் தெரியும் எதிர்ப்பு மிகக் குறைவு. பேட்டரி எதுவும் இல்லாமல் இவ்வளவு நுட்பமாக வேலை செய்யும் கருவி அரிது.

கொடி எழுந்ததும் ஆள் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் மீன் முள்ளை விழுங்கிவிடும். தொண்டையிலோ வயிற்றிலோ முள் ஏறிய மீனைத் திரும்ப நீரில் விட்டாலும் அது பிழைக்கும் வாய்ப்பு குறைவு. அளவு குறைந்த மீனை விட்டுவிட வேண்டும் என்ற விதிக்கு அப்போது பொருளே இல்லை. சிம்கோ ஏரி இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பனிக்கட்டி மீன்பிடிப்பில் ஒருவர் இரண்டு நரம்புகள் போடலாம். அவற்றிலிருந்து 60 மீட்டருக்குள் இருக்க வேண்டும், அவை எப்போதும் மறைவின்றிக் கண்ணில் பட வேண்டும் என்று விதி சொல்வது நியாயமானதே.

இருட்டில் 60 மீட்டர் தள்ளி நிற்கும் துணிக்கொடி தெரியாது. ஆனால் பூனையின் கண்ணில் இருப்பதுபோல் ஒளியைத் திருப்பும் படலம் விழித்திரைக்குப் பின்னால் கொண்ட வால்-ஐ மீன் மங்கிய வெளிச்சத்தில்தான் வேட்டையாடுகிறது. பர்பட் மீனும் இரவாடி. ஆகவே கொடிக்கு வெளிச்சம் வேண்டும். எளிய வழி, வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பும் பிரதிபலிப்பு ஒட்டுப்பட்டை. தலைவிளக்கைத் திருப்பினால் நிமிர்ந்த கொடி பளிச்சிடும். கெட்டுப்போக இதில் எதுவும் இல்லை. ஆனால் அதுவாக அழைக்காது, நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஒளிக்குச்சி. வளைத்தால் உள்ளே கண்ணாடிச் சிமிழ் உடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடும் ஆக்சலேட் எஸ்டரும் கலக்கின்றன. பிறக்கும் ஆற்றலைச் சாயம் வாங்கி ஒளியாக உமிழ்கிறது. 1960களில் பெல் ஆய்வகத்தின் எட்வின் சாண்ட்ராஸ் இந்த வேதிவினைக்கு வழிகாட்டினார். அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தில் மைக்கேல் ரௌஹட் குழுவினர் அதைப் பிரகாசமாக்கினர். குளிர்தான் இதற்குப் பகை. 10 டிகிரி குறைந்தால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. புனேயின் 25 டிகிரியில் ஒளிரும் குச்சியை மைனஸ் 15க்குக் கொண்டுபோனால் நான்கு முறை பாதியாகி, பதினாறில் ஒரு பங்கே மிஞ்சும். நீண்ட நேரம் எரியும், ஆனால் மங்கலாக.

கொடியில் பொருத்தும் எல்.இ.டி. விளக்கே இப்போது பரவலான தீர்வு. கொடி மடங்கியிருக்கும்போது அணைந்தும், நிமிர்ந்ததும் எரிந்தும் இருக்க வேண்டும். அதற்குச் சாய்வு சுவிட்ச். முன்பு அதில் ஒரு துளிப் பாதரசம் உருண்டு இரு கம்பிகளை இணைத்தது. மைனஸ் 39 டிகிரியில் பாதரசமே உறைந்துவிடும், அது நஞ்சும்கூட. 2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா ஒப்பந்தம், பெரும்பாலான பாதரச சுவிட்சுகளின் தயாரிப்பை நிறுத்த 2020ஐ எல்லையாக வைத்தது. இப்போது சிறு உலோகக் குண்டு அந்த வேலையைச் செய்கிறது.

எல்.இ.டி. குளிரில் சோர்வதில்லை, சோர்வது அதற்குப் பின்னால் இருக்கும் பேட்டரி. சாதாரண ஆல்கலைன் பேட்டரியின் மின்பகுபொருள் நீரில் கரைந்தது. மைனஸ் 20ஐ நெருங்கும்போது அயனிகள் ஊர்ந்து செல்ல, மின்சாரம் வற்றுகிறது. நீர் கலவாத கரைப்பான் கொண்ட லித்தியம் ஏஏ பேட்டரி மைனஸ் 40 வரை தாங்கும். விலை கூடுதல்தான் என்றாலும் பனிக்கட்டி மேல் அதுவே சிக்கனம்.

நிறமும் முக்கியம். இருளுக்குப் பழகிய கண் சுமார் 500 நானோமீட்டரில், அதாவது நீலப்பச்சையில், மிகக் கூர்மையாகப் பார்க்கும். அப்படிப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. ஒரு நொடி வெள்ளை ஒளி அதைக் கலைத்துவிடும். எனவே கொடியில் பச்சை விளக்கும், தூண்டிலில் இரை மாட்டத் தலையில் சிவப்பு விளக்கும் வைப்பதே சரி. கொடி விளக்கு துளைக்கு நேர்மேலே எரியாமல் இருப்பதும் நல்லது. நீருக்குள் இறங்கும் ஒளி நுண்ணுயிர்களையும் குஞ்சுகளையும் இழுத்து, மீன்களின் நடமாட்டத்தையே மாற்றக்கூடும்.

மணியும் கட்டலாம். ஆனால் புதிதாகப் பெய்த பனி, தன் துகள்களுக்கிடையிலான காற்றுத் துளைகளில் ஒலியை விழுங்கிவிடும். காற்று வேறு வீணாக மணியை ஆட்டும். அதனால் சிலர் கொடி நிமிர்ந்ததும் ரேடியோ சைகை அனுப்பும் பெட்டியைப் பொருத்தி, பனிக்கட்டி மேல் அமைத்த குடிலுக்குள் அதன் ஒலிப்பானை வைத்துக்கொள்கிறார்கள். ஒலிப்பான் அருகில் இருந்தாலும் நரம்புகள் கண்பார்வையில் இருக்க வேண்டும் என்ற ஒன்டாரியோ விதி தளர்வதில்லை. கதவை மூடிக்கொண்டு உறங்க இடமில்லை.