இந்தியனா? இறகு எங்கே?

"வியாழக்கிழமை என்ன பண்ணப்போறே?" என்று கேட்டார் டீம் லீடர்.

1998 நவம்பர். நான் பாஸ்டன் போய்ச் சேர்ந்து மூன்றாவது வாரம். 2000 பிறந்ததும் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் மூளை குழம்பிவிடும் என்று உலகமே நடுங்கிக்கொண்டிருந்த நேரம். அந்தப் புண்ணியத்தில், பழைய 'கோபால்' (ஆள் பெயர் இல்லை ஸார், கம்ப்யூட்டர் பாஷை) புரோகிராம்களில் வருஷத்தை இரண்டு இலக்கத்திலிருந்து நாலு இலக்கமாக மாற்றுவதற்கு என்னை மாதிரி ஆசாமிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிளேனில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வியாழக்கிழமை என்ன பண்ணுவேன்? இலக்கம் மாற்றுவேன். அதைத்தான் சொன்னேன்.

"ஆபீஸே கிடையாதுப்பா. தேங்க்ஸ்கிவிங்! மூணு மணிக்கு வீட்டுக்கு வந்துடு, டின்னர்."

மத்தியானம் மூன்று மணிக்கு டின்னரா என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன். ஓசியில் சாப்பாடு போடுகிறவரிடம் நேரம் காலம் பார்க்கலாமா?

நம் ஊரில் பொங்கல் எப்படியோ, அங்கே தேங்க்ஸ்கிவிங் அப்படி. அறுவடைத் திருநாள். நவம்பர் நாலாவது வியாழக்கிழமை. ரயில், பிளேன் எதிலும் இடம் கிடைக்காது. எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் பிள்ளைகள் அன்றைக்கு அப்பா அம்மா வீட்டில் ஆஜர். காலையில் டி.வி.யில் நியூயார்க் ஊர்வலம். மேஸிஸ் கடைக்காரர்கள் 1924-லிருந்து நடத்துகிறார்கள். வீதியை அடைத்துக்கொண்டு, வீட்டைவிடப் பெரிய பலூன் பொம்மைகள் மிதந்து போகும். அப்புறம் ஃபுட்பால் மேட்ச். பெயர்தான் ஃபுட்பால், காலால் உதைப்பது எப்போதாவதுதான். டெட்ராய்ட் டீம் 1934-லிருந்து இந்த நாளில் ஆடுகிறது. நம் வீடுகளில் பொங்கலன்று சிறப்புப் பட்டிமன்றத்தின் முன் உட்கார்ந்து ஏப்பம் விடுவோமே, அதே கண்ணியத்துடன் ஆண்கள் அதைப் பார்க்கிறார்கள்.

டீம் லீடர் வீட்டில் மேஜை நடுவே பிரம்மாண்டமாக வான்கோழி படுத்திருந்தது. நான் சைவம் என்றதும் வீட்டம்மா கொஞ்சமும் கலங்கவில்லை. "அப்ப ஸ்டஃபிங் எடுத்துக்கோங்க. வெறும் ரொட்டி, வெங்காயம், செலரிதான்" என்றார்.

"எதில் வைத்து வேகவைத்தீர்கள்?" என்று கேட்டேன்.

கேட்டிருக்கக் கூடாது.

உருளைக்கிழங்கு மசியலோடு நான் ஒதுங்கியபோது, அந்த வீட்டுக் குட்டிப்பெண் (இரண்டாம் வகுப்பு) என் எதிரே வந்து நின்றாள். தலையில் கலர் பேப்பர் இறகு கிரீடம். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க இண்டியன்தானே?"

"ஆமாம்."

"அப்ப இறகு எங்கே?"

கொலம்பஸ் 1492-ல் செய்த தப்புக்கு நான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று! நான் வேறே இந்தியன் என்று விளக்கினேன். அவளுக்கு ஏமாற்றம். இருந்தாலும் பள்ளிக்கூடத்தில் போட்ட நாடகக் கதையை எனக்குச் சொன்னாள். கறுப்புத் தொப்பிக்காரர்கள் கப்பலில் வந்தார்கள். பசி, குளிர். இறகு வைத்த இந்தியர்கள் சோளம் பயிரிடக் கற்றுக்கொடுத்தார்கள். நன்றாக விளைந்தது. எல்லாரும் சேர்ந்து விருந்து சாப்பிட்டு நன்றி சொன்னார்கள்.

"அப்புறம் இந்தியங்க என்ன ஆனாங்க?"

"வீட்டுக்குப் போயிட்டாங்க" என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

சாப்பிடுமுன் ஒரு சடங்கு. மேஜையைச் சுற்றி ஒவ்வொருவரும் எதற்கு நன்றி சொல்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எனக்கு வியர்த்துவிட்டது. நம் வீட்டில் அம்மாவிடம் 'தேங்க்ஸ்மா' என்றால், நெற்றியில் கைவைத்து ஜுரமா என்று பார்ப்பாள். என் முறை வந்தபோது "விசாவுக்கு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் ஜோக்கடிக்கவில்லை.

அந்தக் குழந்தை சொன்ன 'வீட்டுக்குப் போயிட்டாங்க' மட்டும் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. அந்தக் குளிர்காலம் பூராவும் சனிக்கிழமைகளை ஊர் லைப்ரரியில் கழித்தேன். அறிவுத்தாகம் பாதி, அங்கே ஹீட்டர் இலவசம் என்பது மீதி.

நாடகத்தில் வராத கதை அங்கே கிடைத்தது.

1620-ல் மேஃப்ளவர் கப்பலில் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் 102 பேர். முதல் குளிர்காலம் முடிவதற்குள் கிட்டத்தட்டப் பாதிப்பேர் காலி. அவர்கள் குடியேறிய பிளிமத்தில் காடு திருத்தி, நிலம் தயாராக இருந்தது. ஆனால் ஆள் நடமாட்டம் இல்லை. ஆண்டவன் நமக்காகவே ஒதுக்கி வைத்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அது பட்டுக்ஸெட் என்கிற ஊர். வாம்பனோவாக் என்ற பூர்வகுடி மக்களின் ஊர். ஐரோப்பியக் கப்பல்களோடு வந்திறங்கிய ஏதோ ஒரு கொள்ளைநோய் 1616-லிருந்து 1619-க்குள் அந்த ஊரையே துடைத்துப் போட்டுவிட்டது.

அந்த ஊர்க்காரன் ஒருவன் மட்டும் தப்பினான். எப்படி? 1614-லேயே ஓர் ஆங்கிலேயக் கப்பல்காரன் அவனைக் கடத்திக்கொண்டு போய் ஸ்பெயினில் அடிமையாக விற்றிருந்தான்! பெயர் டிஸ்குவான்டம். ஸ்பெயினிலிருந்து எப்படியோ லண்டன் போய், இங்கிலீஷ் கற்று, 1619-ல் ஊர் திரும்பினால்... ஊரே இல்லை. இரண்டு வருஷம் கழித்து, தன் ஊரின் மேலேயே குடிசை போட்டு உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர்களுக்கு இவன்தான் மொழிபெயர்ப்பாளன். மண்ணைக் குவித்து, உள்ளே மீனை எருவாகப் போட்டு, சோளம் நடச் சொல்லிக்கொடுத்தவனும் இவன்தான். நம் சினிமா டைரக்டரிடம் இந்தக் கதையைச் சொன்னால் 'லாஜிக் இடிக்குதே' என்பார்.

வாம்பனோவாக் தலைவர் மாஸஸாய்ட் 1621 மார்ச்சில் இவர்களோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். ஒருவரை யாராவது தாக்கினால் மற்றவர் உதவ வேண்டும் என்று. பாசம் பொங்கி அல்ல. நோயில் அவர் ஜனம் பெரும்பாலும் அழிந்திருந்தது. பக்கத்து நாரகான்ஸெட் கூட்டம் நோய்படாமல் பலமாக இருந்தது. துப்பாக்கி வைத்திருப்பவன் நம் பக்கம் இருக்கட்டுமே என்ற கணக்கு. கெட்டிக்காரர்தான். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

அந்த வருஷ அறுவடைக்குப் பிறகுதான் அந்தப் பிரசித்தி பெற்ற விருந்து. நேரில் இருந்த எட்வர்ட் வின்ஸ்லோ ஒரு கடிதத்தில் எழுதிய சில வரிகள்தான் அதற்கு ஆதாரம். மாஸஸாய்ட் தொண்ணூறு பேரோடு வந்தார். ஐந்து மான் அடித்துக்கொண்டு வந்து கொடுத்தார்கள். மூன்று நாள் கொண்டாட்டம். அவ்வளவே. 'பறவைகள்' என்று எழுதியிருக்கிறார். வான்கோழி என்று குறிப்பிடவே இல்லை. உருளைக்கிழங்கு அங்கே அப்போது கிடையாது. பூசணி 'பை' செய்ய மாவும் இல்லை, அடுப்பும் இல்லை. உயிரோடிருந்த ஆங்கிலேயர் ஐம்பது பேர் சொச்சம். அவர்களில் கல்யாணமான பெண்கள் நாலே நாலு பேர்! விருந்தாளிகளையும் சேர்த்து நூற்று நாற்பது வாய்க்கு மூன்று நாள் சமையல். அந்த நாலு பேருக்கு யாராவது நன்றி சொன்னதாக எந்தக் கடிதத்திலும் இல்லை.

இதை அப்போது யாரும் தேங்க்ஸ்கிவிங் என்று சொல்லவும் இல்லை. அப்படியானால் தேசியப் பண்டிகை ஆக்கியது யார்? உங்களுக்கும் எனக்கும் எல்.கே.ஜி.யிலிருந்து தெரிந்த ஓர் அம்மாள்! 'மேரி ஹேட் எ லிட்டில் லேம்ப்' எழுதிய ஸாரா ஜோஸஃபா ஹேல். ஐந்து குழந்தைகளோடு விதவையானவர், பத்திரிகை ஆசிரியரானார். நாடு முழுக்க ஒரே நாளில் நன்றித் திருநாள் வேண்டும் என்று தலையங்கம் எழுதினார். ஜனாதிபதி மாற்றி ஜனாதிபதிக்குக் கடிதம் போட்டார். ஒன்றல்ல, இரண்டல்ல, பதினேழு வருஷம்! கடைசியில் 1863-ல் லிங்கன் மசிந்தார். உள்நாட்டுப் போரில் அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டு செத்த வருஷம் அது. நவம்பர் கடைசி வியாழன் என்று அறிவித்தார். அந்த அறிவிப்பில் மேஃப்ளவரும் கிடையாது, இந்தியரும் கிடையாது. பிளிமத் விருந்துக் கதை பிற்பாடுதான் பண்டிகையோடு கெட்டியாக ஒட்டிக்கொண்டது.

ரூஸ்வெல்ட் வேறு ஒரு கூத்தடித்தார். 1939-ல் கடைசி வியாழன் நவம்பர் 30-ல் வந்தது. கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் போதவில்லை என்று கடைக்காரர்கள் மூக்கால் அழ, பண்டிகையை ஒரு வாரம் முன்னே தள்ளிவிட்டார். ஏறக்குறையப் பாதி மாநிலங்கள் கேட்டன, பாதி கேட்கவில்லை. டெக்ஸாஸ் இரண்டு வியாழனும் கொண்டாடியது (லீவு விஷயத்தில் நம்ம ஆட்கள்!). 1941-ல் சட்டம் போட்டு நாலாவது வியாழன் என்று முடித்தார்கள்.

வான்கோழி பற்றி ஒரு வார்த்தை. பாவம், அதன் பூர்வீகம் மெக்ஸிகோ பக்கம். ஐரோப்பாவுக்குப் போனபோது எந்த ஊர்ப் பறவை என்று ஒருத்தருக்கும் புரியவில்லை. ஆங்கிலேயன் 'துருக்கி' என்றான். துருக்கிக்காரன் 'ஹிந்தி' என்றான், அதாவது இந்தியப் பறவை. பிரெஞ்சுக்காரனும் இந்தியா பெயரையே வைத்தான். டச்சுக்காரன் 'கல்கூன்' என்கிறான். நம் கள்ளிக்கோட்டைதான் அது! ஆக, அந்த மேஜையில் தப்பான முகவரியோடு 'இந்தியன்' ஆனவர்கள் மூன்று பேர்: குழந்தையின் இறகுக்காரர், நான், தட்டில் படுத்திருந்தவர். 1989-லிருந்து வருஷா வருஷம் ஜனாதிபதி ஒரு வான்கோழிக்குப் பொதுமன்னிப்பு வழங்கும் வைபவமும் வெள்ளை மாளிகையில் நடக்கிறது. கோடிக்கணக்கில் அடுப்பில் வெந்துகொண்டிருக்க, ஒன்றிரண்டுக்கு மட்டும் விடுதலை.

1999 தேங்க்ஸ்கிவிங்குக்கும் டீம் லீடர் கூப்பிட்டிருந்தார். காலையில் சும்மாதானே இருக்கிறோம் என்று, அறை நண்பனின் கிழட்டு டொயோட்டாவில் பிளிமத் கிளம்பினோம். நாற்பது மைல்.

முதலில் அந்தப் புகழ்பெற்ற பாறை. கப்பல்காரர்கள் முதன்முதலில் கால்வைத்ததாம். தூண் வைத்த மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தால், ஆற்றங்கரையில் துணி துவைக்கிற கல் மாதிரி ஒன்று, '1620' என்று செதுக்கி. "இதுக்கா பெட்ரோல் போட்டோம்?" என்றான் நண்பன். கப்பல் வந்து 121 வருஷம் கழித்து, 94 வயசுப் பெரியவர் ஒருவர் 'இதுதான் அந்தப் பாறை' என்று சொன்னாராம். அதுதான் ஆதாரம்.

பாறைக்கு எதிரே மேடு. மேட்டில் மாஸஸாய்ட் வெண்கலச் சிலையாகக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர் காலடியில் கூட்டம். ஏதோ விழா என்று ஏறிப் போனோம். விழா இல்லை, துக்கம். பூர்வகுடிகள், அவர்களோடு சேர்ந்தவர்கள். அன்றைக்குப் பட்டினி இருப்பார்களாம்.

1970-ல், கப்பல் வந்த 350-வது வருஷ விழாவுக்கு வாம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸ் என்ற வாம்பனோவாக் தலைவரைப் பேச அழைத்தார்கள். பேச்சை முன்கூட்டியே வாங்கிப் படித்துப் பார்த்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதைப் பேசாதே, நாங்கள் எழுதித் தருகிறோம் என்றார்கள். அவர் விருந்துக்கே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, இந்த மேட்டில் வந்து நின்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங்கும் இங்கே தேசியத் துக்க நாள்.

அவர்கள் பேசப் பேச, லைப்ரரியில் படித்த ஒரு பக்கம் ஞாபகத்துக்கு வந்தது. விருந்துக்கு மான் கொண்டுவந்தவர் மாஸஸாய்ட். அவருடைய மகன் மெட்டகாம். ஆங்கிலேயர் வைத்த பெயர் ஃபிலிப். அப்பா காலத்து ஐம்பது சொச்சம் பேர் அவன் காலத்தில் ஆயிரக்கணக்காகிவிட்டார்கள். நிலம் போய்க்கொண்டே இருந்தது. 1675-ல் சண்டை வெடித்தது. இரண்டு பக்கமும் ஊர் ஊராக எரிந்தது. 1676 ஆகஸ்டில் மெட்டகாமைச் சுட்டுக் கொன்றார்கள். அவன் மனைவியும் ஒன்பது வயது மகனும் பிடிபட்டு, அந்தப் பிள்ளை அடிமையாக விற்கப்பட்டான். மெட்டகாமின் தலையைப் பிளிமத்தில் கம்பத்தில் குத்தி வைத்தார்கள். அது இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தது. தலை வந்து சேர்ந்த அன்றைக்குப் பிளிமத்தில் என்ன விசேஷம் தெரியுமா? சர்ச்சில் நன்றி தெரிவிக்கும் நாள். தேங்க்ஸ்கிவிங்!

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று நாம் சொல்வது இதற்கெல்லாம் ரொம்பச் சின்ன வார்த்தை. விருந்து நடந்து ஐம்பத்தைந்து வருஷம்தான் ஆகியிருந்தது.

காரில் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

டீம் லீடர் வீட்டுக்கு அரைமணி லேட். எல்லாரும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். எனக்கென்று தனியாக, வான்கோழி படாத ஸ்டஃபிங் செய்து வைத்திருந்தார் அந்த அம்மாள். நண்பனுக்கும் சேர்த்து. மேஜையைச் சுற்றி நன்றி வந்தது. என் முறை.

"டிஸ்குவான்டத்துக்கு" என்றேன்.

ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. டீம் லீடர் உருளைக்கிழங்குப் பாத்திரத்தைப் பார்த்தார்.

"அது யாரு? எங்க நாடகத்துல அப்படி யாரும் இல்லையே?" என்றாள் குட்டிப்பெண். இப்போது மூன்றாம் வகுப்பு. இறகு கிரீடம் இல்லை.

"சொல்லுங்களேன், கேட்போம்" என்றார் அவள் அம்மா, முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு.

சொன்னேன். கடத்தியது, ஸ்பெயின், லண்டன், ஊர் காணாமல் போனது, சோளத்துக்கு மீன் போட்டது. குழந்தை கண் கொட்டாமல் கேட்டாள். மாஸஸாய்ட் ஐந்து மானோடு வந்ததும் சொன்னேன். அவருக்கு ஒரு பையன் இருந்தான் என்பது வரைக்கும் வந்துவிட்டேன்.

"அப்புறம்?"

எனக்காகத் தனியாகச் செய்த ஸ்டஃபிங் தட்டில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"அப்புறம் எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க" என்றேன்.