பத்து வயதில் அ, ஆ

திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோயிலுக்குக் கல்யாணம் கூடிவர மாலையோடு வருகிற கூட்டம் எல்லோருக்கும் தெரியும். பிழைப்புக்கு வருகிற கூட்டம் வேறு. கேளம்பாக்கம், கோவளம் பக்கம் எழும்பும் கட்டடங்களில் கம்பி கட்டவும் கலவை போடவும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறார்கள். குடும்பத்தோடு வந்தவர்களின் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் சேர்கிறார்கள்.

அப்படி ஒரு சிறுமியை பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். ஒடிசாக்காரி, ஐந்தாம் வகுப்பு. மடியில் ரெட்டைக் கோடு நோட்டு. பக்கம் முழுக்க 'ழ'. அடியில் சுழிக்கிற இடத்தில் அழித்து அழித்துத் தாளே நைந்துபோயிருந்தது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அவள் தம்பியோ, "அக்கா, பஸ்ஸு வருது!" என்று தமிழிலேயே கத்தினான். ஒரே வீடு, நாலு வயது வித்தியாசம்தான்.

வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டம். நல்ல சட்டம். ஆனால் அ, ஆ தெரியாத பத்து வயதுப் பிள்ளை நேரே ஐந்தாம் வகுப்பில் உட்கார்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் பத்தி பத்தியாக வாசிக்க, இது வாயை மட்டும் அசைக்கிறது. எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சிக்குத் தடையில்லை. பத்தாம் வகுப்பில்தான் பாரம் மொத்தமாக இறங்கும்: ஐந்து தாள், ஒவ்வொன்றிலும் 35 எடுத்தாக வேண்டும், முதல் தாள் தமிழ். 2006 சட்டப்படி தமிழ் கட்டாயம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கற்றுக்கொள்ள அவகாசம் கொடுத்தோமா என்பதுதான் என் ஆதங்கம்.

மலேசியாவில் தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு மலாய் வழி இடைநிலைப் பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகளில், மலாய் போதாதவர்களுக்கு ஓராண்டு 'புகுமுக வகுப்பு' உண்டு. ஒரு வருடம் கூடுதல்தான். ஆனாலும் மொழிக்கென்றே ஒதுக்கிய வருடம். இங்கேயும் கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையைத் தருகிறது. அந்தப் பயிற்சி முதலில் பேச்சுத் தமிழிலிருந்து தொடங்கட்டும்.

பஸ் நிறுத்தத்தில் பார்த்த அந்தப் பிள்ளைகளிடம், அடுத்து எங்கே என்று கேட்டேன். தம்பிதான் சொன்னான்: "இங்க வேலை முடிஞ்சா ஐதராபாத்." அங்கே தெலுங்கு. பாதி வருடத்தில் கிளம்புகிறவர்கள் டி.சி.கூட வாங்காமல் போய்விடுவதுண்டு. டி.சி. வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் தெருவில் கட்டடம் எழும்பினால், அங்கே தகரக் கொட்டகையில் இருக்கும் அம்மாவிடம் இதை ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.