குருத்து ஒன்றே உயிர்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் வேதாரண்யத்துக்கு அருகே கரை கடந்த கஜா புயல், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களின் தென்னந்தோப்புகளை வீழ்த்திச் சென்றது. மகளின் திருமணத்துக்கும் மகனின் படிப்புக்கும் தோப்பையே நம்பியிருந்த குடும்பங்கள் பல. சாய்ந்தவற்றுள் எந்த மரம் பிழைக்கும், எது பிழைக்காது என்பதே அவர்கள்முன் நின்ற வினா. அதற்கான விடை, மரத்தின் ஒவ்வோர் உறுப்பும் ஆற்றும் பணியில் அடங்கியுள்ளது.

முதலில் வேர். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. தூரிலிருந்து கிளம்பும் ஆயிரக்கணக்கான சல்லிவேர்களே நீரையும் அதில் கரைந்த உப்புகளையும் உறிஞ்சுகின்றன. மரத்தை மண்ணோடு பிணைக்கின்றன. பழையவை மடிய மடியப் புதிய வேர்கள் தோன்றும். ஆகவே, ஒரு பக்கத்து வேரேனும் மண்ணைப் பற்றியிருந்தால் சாய்ந்த மரமும் பிழைக்க வாய்ப்புண்டு.

அடுத்தது தண்டு. வேம்பு, மா போன்றவற்றில் பட்டைக்குக் கீழே வளர்திசு வளையம் ஒன்று உண்டு. அது மரத்தைப் பருக்கச் செய்கிறது; காயத்தையும் மூடுகிறது. தென்னைக்கு அவ்வளையம் இல்லை. நீரை மேலேற்றும் குழாய்களும் உணவைக் கொண்டுசெல்லும் குழாய்களும் கற்றை கற்றையாகத் தண்டெங்கும் சிதறியிருக்கின்றன. எனவே, ஏறுவதற்காக வெட்டிய படி, மரம் உள்ளளவும் ஆறாத வடுவாகும். புறத்தே வைரம் உடையதைப் புல் என்றும், அகத்தே வைரம் உடையதை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. அக்கணக்கில் தென்னை புல்லே! இன்றைய தாவரவியலும் அதனை நெல்லைப் போன்றே ஒருவித்திலைத் தாவரம் என்கிறது.

மட்டைகளே மரத்தின் அடுக்களை. வேர் அனுப்பும் நீரையும், ஓலையின் நுண்துளைகள் வழியே நுழையும் கரியமில வாயுவையும் கொண்டு, வெயிலின் துணையால் அங்கே உணவு சமைக்கப்படுகிறது. மாதம் ஏறத்தாழ ஒரு மட்டை விரியும். அதன் இடுக்கிலிருந்தே பாளை பிறக்கும். பாளை வெடித்துக் காய் முற்ற ஓராண்டு ஆகும். பச்சை மட்டையை வெட்டுவோர் வருங்காலக் குலையையே வெட்டுகின்றனர்.

இவை அனைத்துக்கும் மூலம் குருத்து. கிளை முறிந்த வேம்பு பக்கத்தில் துளிர்க்கும். தென்னைக்கோ உச்சியில் ஒரே வளர்முனை. அது அழிந்தால், தண்டு நேராக நின்றாலும் மரம் இறந்ததே. குருத்து பழுதுறாத மரமோ, சாய்ந்த நிலையிலும் நுனியை வானோக்கி நிமிர்த்தும்.

அன்புச் சகோதர, சகோதரிகளே! நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர 6 முதல் 8 ஆண்டுகள் ஆகும். புயலுக்குப்பின் நட்ட பிள்ளைகள் பலன் தரும் பருவம் இது. குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு, மட்கிய தென்னங்கட்டைகளிலும் எருக்குழிகளிலும் பெருகுகிறது. அவற்றைத் தூய்மை செய்யுங்கள். ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளுடன் இரு பங்கு மணல் கலந்து, குருத்தை அடுத்த மூன்று மட்டைகளின் இடுக்கில் இடுங்கள். ஒரு மரத்துக்கு 150 கிராம் போதும்.