சுருங்கி வரும் செய்தி

நிலப் பத்திரங்களில் 'மேற்படி' என்னும் சொல் அடிக்கடி வரக் காணலாம். ஊரின் பெயரும் உரியவரின் பெயரும் ஒருமுறை விரிவாக எழுதப்படும். பின்னர் வேண்டும் இடங்களிலெல்லாம் 'மேற்படி' என்னும் ஒரு சொல்லே நின்று அப்பொருளைத் தரும். தாளும் மிஞ்சும், எழுதுவோர் கையும் சற்றே இளைப்பாறும்.

இணையத்தில் பக்கங்களை வழங்கும் கணினிகளும் இம்முறையையே மேற்கொள்கின்றன. முன்னர் வந்த எழுத்துத் தொடர் மீண்டும் வருமாயின், 'இத்தனை எழுத்துப் பின்னே சென்று, அங்கிருந்து இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்க' என்னும் குறிப்பை மட்டும் அனுப்புகின்றன. டிஃப்ளேட் என்னும் முறையில் இக்குறிப்பு 32,768 பைட்டு வரை பின்னோக்கிச் செல்லும். ஒரு குறிப்பால் 258 பைட்டு வரை பெறலாம். ஜிசிப் என வழங்கும் சுருக்கம் இவ்வாறு அமைந்ததே.

சுருங்கி வந்ததை விரித்துத் தருவது யார் பணி? சுவீடன் நாட்டு டேனியல் ஸ்டென்பெர்க் தொடங்கி, 1998 ஆம் ஆண்டு முதல் கர்ல் என்னும் பெயரால் வெளிவரும் மென்பொருளில் லிப்கர்ல் என்றொரு நிரல் நூலகம் உண்டு. செய்தி கொண்டுவரும் தொழிலைப் பிற நிரல்கள் அதனிடம் ஒப்படைக்கின்றன. அது கேளாமல் விரிப்பதில்லை. நிரல் எழுதுவோர் வேண்டினால்தான், தான் விரிக்க அறிந்த முறைகளை வழங்கிக் கணினிக்கு அறிவிக்கும். அக்கணினியும் தான் கையாண்ட முறையைத் தலைப்பு வரியில் குறித்து அனுப்பும். முழுதும் வந்து சேரக் காத்திராமல், வரவர விரித்துக் கொடுப்பது லிப்கர்லின் வழக்கம். வேண்டாதவர்க்கோ வந்தது வந்தவாறே போய்ச் சேரும்.

இங்கே ஓர் இடர் உண்டு. செய்தியின் முகப்பில் குறித்த அளவு, சுருங்கிய பொருளின் அளவே ஆகும். விரிந்தபின் எவ்வளவாகும் என்பதை அது சொல்லாது. ஒரே எழுத்து மீளமீள வரும் செய்தி ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கக்கூடும். சுருக்கியதையே மீண்டும் சுருக்கி, உறைக்குள் உறையாக அனுப்பவும் விதி இடந்தருகின்றது. ஒவ்வோர் உறையைப் பிரிப்பதற்கும் கணினியின் நினைவகத்தில் தனியிடம் வேண்டும். தீயோன் ஒருவன் உறைகளை எல்லையின்றி அடுக்கினால், அவற்றைப் பிரிக்க இடம் போதாமல் வாங்கும் கணினி நிலைகுலையும்.

லிப்கர்ல் உறைகளை எண்ணாமலே பிரித்து வந்தது 2022 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. உடனே, ஐந்துக்கு மிகின் ஏற்பதில்லை என வரம்பு கட்டினர். நல்ல வரம்புதான். ஆயினும் அது தலைப்பு வரி ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே எண்ணப்பட்டது! வரிக்குச் சிலவாகப் பல வரிகளில் பகிர்ந்து குறித்தால் வரம்பு பயனற்றுப் போயிற்று. கதவைப் பூட்டிச் சன்னலைத் திறந்து வைத்தாற்போன்ற இக்குறை 2023 பிப்ரவரியில் நீங்கிற்று. அதன்பின் எல்லா வரிகளும் சேர்த்தே எண்ணப்படுகின்றன.

ஐந்து உறைக்குள்ளும் பெருஞ்சுமை அடங்கக்கூடும் அன்றோ? ஆதலின் நிரல் எழுதுவோரும் வாளாவிருத்தல் ஆகாது. தம்மிடம் வந்து சேரும் பைட்டுகளை அவர்கள் எண்ணிவர வேண்டும். குறித்த அளவு கடந்ததும் வாங்க மறுத்தால், லிப்கர்ல் அந்த அளவிலேயே பணியை நிறுத்திவிடும்.