உங்களுக்குத் தெரியுமா? ஊசிமுனையில் ஒரு துளி காரம்

★ தேவையற்ற ரோமத்தை நிரந்தரமாக நீக்கும் எலக்ட்ராலிசிஸ், பியூட்டி பார்லரில் பிறந்ததல்ல. அதைக் கண்டறிந்தவர் ஒரு கண் மருத்துவர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த சார்ல்ஸ் மிஷெல், உள்பக்கமாக வளைந்து வளர்ந்து விழியை உரசும் இமைமுடிகளால் அவதிப்பட்டவர்களுக்கு வழி தேடினார். பிடுங்கினால் திரும்ப முளைத்தது. மெல்லிய ஊசியை வேர் வரை இறக்கி, பேட்டரி மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்தார். முடி மறுபடி வரவில்லை. 1875-இல் அதை எழுதி வெளியிட்டார்.

★ இந்த முறையில் ரோமத்தின் வேரைச் சுட்டெரிப்பது மின்சாரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த வேலையைச் செய்வது காஸ்டிக் சோடா எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். மயிர்க்காலில் இருக்கும் உப்பும் நீரும் மின்சாரம் பட்டதும் பிரிந்து, ஊசியைச் சுற்றி அது உண்டாகிறது. ரோமத்தை வளர்க்கும் செல்களை அந்தக் காரம் கரைத்துவிடுகிறது. நம் சமையலறையிலேயே இதைப் பார்க்கலாம். அரை டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்பும் சிட்டிகை மஞ்சள்தூளும் கலந்து, 9 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளிலிருந்தும் ஒவ்வொரு கம்பி எடுத்து, ஒன்றோடொன்று படாமல் அதில் விடுங்கள். மைனஸ் கம்பியில் பொடிப்பொடியாகக் குமிழ்கள் கிளம்பும். அதைச் சுற்றியுள்ள மஞ்சள் மெல்லச் செங்காவி நிறமாகும். சட்டையில் பட்ட மஞ்சள் கறை சோப்புப் போட்டதும் சிவக்கிறதே, காரம் பட்டதால் நேரும் அதே வினை. பிளஸ் கம்பியில் கொஞ்சம் குளோரின் வாயு வரும் என்பதால் ஜன்னலைத் திறந்து வைத்து, சில நொடிகளில் நிறுத்திவிடுங்கள்.

★ காரம் எவ்வளவு உண்டாகும் என்பதற்குத் தெளிவான கணக்கே உண்டு. 0.1 மில்லி ஆம்பியர் மின்சாரம் 1 நொடி பாய்ந்தால் 1 யூனிட். பூனைமுடிக்கு ஏறத்தாழ 15 யூனிட் போதும். தாடி போன்ற முரட்டு ரோமத்துக்கு 80 வரை தேவைப்படலாம். 60 யூனிட் வேண்டிய ஒரு ரோமத்தில் 0.3 மில்லி ஆம்பியர் வைத்தால் 20 நொடி ஆகும். சீக்கிரம் முடிக்க மின்சாரத்தைக் கூட்டினால் வலியும் கூடும்.

★ ஊசி எப்போதும் மைனஸில்தான் இருக்க வேண்டும். பிளஸ் முனை கையில் பிடிக்கும் உலோகத் தண்டுக்கோ ஈரப் பஞ்சுக்கோ போக வேண்டும். இது மாறிவிட்டால் ஊசியின் உலோகம் கரைந்து தோலுக்குள் இறங்கி, பச்சை குத்தியதுபோல் கரும்புள்ளி நிலைத்துவிடும். வீட்டில் செய்பவர்கள் ஒவ்வொரு முறையும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

★ பார்லர்களில் மூன்று முறைகள் உண்டு. மேலே சொன்னது கால்வானிக். பிரான்ஸின் லியோன் நகரில் ஆன்றி போர்தியே 1924-இல் விவரித்த, உயர் அலைவரிசை மின்சாரத்தால் சுடும் தெர்மாலிசிஸ் இன்னொன்று. இரண்டையும் சேர்த்த பிளெண்டுக்கு 1948-இல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. வீட்டில் முயல்பவர்களுக்கு ஏற்றது மெதுவான கால்வானிக் மட்டுமே. அதுவும் பேட்டரியில் ஓடும் கருவியாகவே இருக்கட்டும். வீட்டு மின்சாரத்தில் செருகும் எதையும் உங்கள் தோலோடு இணைக்காதீர்கள்.

★ தொடங்குவதற்கு மூன்று நான்கு நாள் முன்பு அந்த இடத்தை ஷேவ் செய்துவிடுங்கள். அதன் பிறகு தலைகாட்டுபவை எல்லாம் வளர்ச்சிப் பருவத்தில் உள்ள ரோமங்கள். வேர் உயிரோட்டமாக இருக்கும் அந்தக் கட்டத்தில்தான் சிகிச்சை நன்றாகப் பலிக்கும். வாக்ஸிங், த்ரெட்டிங் கூடாது. ரோமமே இல்லாவிட்டால் ஊசிக்கு வழிகாட்ட எதுவும் இருக்காது.

★ ஊசி சரியாக இறங்கியதா என்பதை எப்படி அறிவது? ரோமம் சாய்ந்திருக்கும் கோணத்திலேயே ஊசி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். லேசாகத் தடுத்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். தோலைக் குத்தித் துளைப்பது தவறு. நேரம் முடிந்து ப்ளக்கரால் தொட்டதும் ரோமம் இழுவையே இல்லாமல் கையோடு வர வேண்டும். வெடுக்கென்று இழுக்க வேண்டியிருந்தால், நீங்கள் செய்தது வெறும் பிடுங்கல். இதெல்லாம் கைக்குப் பழக நாளாகும். ஆகவே முதலில் கெண்டைக்காலில், ரோமங்களுக்கு நடுவே நிறைய இடைவெளி விட்டுப் பழகுங்கள். மேலுதட்டிலும் தாடையிலும் பயிற்சி பெற்றவர் செய்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அளவு மீறினால் கருந்திட்டு மாதக்கணக்கில் நிற்கும்; சிலருக்குத் தழும்பு தடித்துப் போகும்.

★ ஊசியைக் கொதிநீரில் போட்டால் எல்லாக் கிருமியும் சாகாது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும், சீல் பிரிக்காத ஊசியே வேண்டும். அக்கா தங்கையாக இருந்தாலும் ஒருவர் ஊசியை இன்னொருவருக்குப் போடக் கூடாது.

★ பேஸ்மேக்கர் வைத்தவர்கள் எலக்ட்ராலிசிஸைத் தொடவே கூடாது. வலிப்பு நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். மச்சத்தில் முளைத்த ரோமத்தையும் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

★ லேசர், ரோமத்தின் கரிய நிறத்தைப் பிடித்துத்தான் வேலை செய்கிறது. நரைத்த ரோமத்தில் அது பலிக்காது; எலக்ட்ராலிசிஸுக்கு நிறம் பொருட்டில்லை. நரைதாடியோடு போராடும் திருநங்கையருக்கு இது எவ்வளவு பெரிய வேறுபாடு!

★ ஊசியே இல்லாமல், ரோமத்தைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சும் ‘எலக்ட்ரிக் ட்வீஸர்’களும் விற்பனைக்கு வந்தன. ரோமம் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அவற்றை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

★ 1920-களில் அமெரிக்காவில் ட்ரைக்கோ என்ற பெயரில், எக்ஸ்ரே பாய்ச்சி முகரோமத்தை நீக்கினார்கள். வலியில்லை என்று நம்பிப் போன பெண்கள் பலருக்குப் பிற்காலத்தில் தோல் புற்றுநோய் வந்தது.

★ பெண்ணின் தாடையிலோ நெஞ்சிலோ திடீரென முரட்டு ரோமம் கிளம்பி, மாதவிலக்கும் முறை தவறினால், பிசிஓஎஸ் போன்ற ஹார்மோன் கோளாறு காரணமாக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் ரோமத்தை மட்டும் நீக்கினால் பக்கத்து மயிர்க்கால்களில் புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கும். கருவி வாங்கும் முன் மகப்பேறு மருத்துவரையோ ஹார்மோன் நிபுணரையோ ஒருமுறை பார்த்துவிடுங்கள்.