உங்களுக்குத் தெரியுமா? பந்து மின்னல் நிலநடுக்கத்தின் தூதன் அல்ல!

நிலநடுக்கத்துக்கு முன் ஒளிக்கோளம் தெரிந்தது என்று யாராவது சொன்னால், உடனே அதைப் பந்து மின்னலின் கணக்கில் எழுதிவிடுகிறோம். கருவியில் பதிவான சான்று வேறு கதை சொல்கிறது. 2012இல் சீனாவின் சிங்ஹாய் பீடபூமியில், சாதாரண மின்னலை ஆராயக் காத்திருந்த லான்சோ நகர ஆய்வாளர்களின் கேமராவில் தற்செயலாகப் பந்து மின்னல் சிக்கியது. சுமார் 900 மீட்டர் தொலைவில், மின்னல் தரையைத் தாக்கிய இடத்தில் எழுந்த அந்த ஒளி இரண்டு வினாடிகூட நிற்கவில்லை. அதன் நிறமாலையில் தெரிந்தவை சிலிக்கான், இரும்பு, கால்சியம்; எல்லாம் மண்ணின் சரக்கு. மின்னல் சூட்டில் ஆவியான மண்தான் ஒளிர்கிறது என்ற கருத்துக்கு இது வலுச் சேர்த்தது. அதற்கு இடிமழை போதும், பூமி குலுங்க வேண்டியதில்லை.

அப்படியானால் ஜப்பானின் மட்சுஷிரோவில் 1965–67 நிலநடுக்கத் தொடரின்போது தெரிந்த ஒளியைக் காட்டும் ஒளிப்படங்கள் பொய்யா? இல்லை. ஆனால் அவற்றில் இருப்பது மலையை ஒட்டிப் பரவிய வெளிச்சம். மிதக்கும் பந்து அல்ல. பாறை நெரிபடும்போது மின்னேற்றம் பிறக்கிறது என்று ஃப்ரீடமான் ஃப்ராய்ண்ட் போன்ற ஆய்வாளர்கள் அதற்கு விளக்கம் தருகிறார்கள். அந்த விளக்கம் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. இரண்டு ஒளிகளும் தரையோடு தொடர்புடையவையே என்று வாதிடலாம். ஆற்றல் வரும் வழி வேறாயிற்றே! நகரங்களில் இன்னொரு குழப்பமும் உண்டு: குலுக்கலில் மின்கம்பிகள் உரசித் தெறிக்கும் நீலப் பொறியும் செல்போன் வீடியோவில் ‘மர்ம ஒளி’ ஆகிவிடுகிறது.